மங்கல் தோலே சாட்சி

ஆற்றில் பொறுக்கிய வெள்ளைக் கல்லை எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் பளபளப்பு வரவில்லையே, இது வெங்கச்சங்கல்தானா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பதில் அந்த மங்கலிலேயே இருக்கிறது. அது அழுக்கல்ல, கல் உருண்டு வந்ததற்கான சாட்சி. வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தால், புதிதாகக் கொத்திய அம்மி மாதிரி மேலெல்லாம் தழும்புகள் தெரியும். பல தழும்புகள் பிறை வடிவில் இருக்கும். வெள்ளத்தில் கல்லோடு கல் மோதிய இடங்கள் அவை. வெங்கச்சங்கல்லின் கனிமமான குவார்ட்ஸ் ஏடு ஏடாகப் பிளக்காது. அடிபட்ட புள்ளியைச் சுற்றி வளைவாக விரிசல் விடும். அந்த விரிசலின் வாய்தான் பிறை.

தேய்ந்து உருண்டையான கல்லைக் கடினக்கல் என்பது எப்படி என்று கேட்கலாம். மென்மையான கற்கள் சீக்கிரம் உருண்டையாகும். சீக்கிரமே பொடியாகியும் போகும். கருங்கல்லில் உள்ள ஃபெல்ஸ்பார் என்ற கனிமம் நாளடைவில் களிமண்ணாகிவிட, குவார்ட்ஸ் எஞ்சி நிற்கிறது. மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 7, சன்னல் கண்ணாடிக்குச் சுமார் 5.5. எனவே அதன் உடைந்த முனை கண்ணாடியைக் கீறும். சாதாரணக் கத்தியால் அதைக் கீறினாலோ, கத்தியின் இரும்புதான் சாம்பல் கோடாகக் கல்லில் ஒட்டும். சலவைக்கல்லில் அதே கத்தி பள்ளம் போட்டுவிடும். புஷ்பராகமும் கண்ணாடியைக் கீறுமே என்றால், எடை தீர்ப்புச் சொல்லும்: குவார்ட்ஸின் அடர்த்தி தண்ணீரைப் போல 2.65 மடங்கு, புஷ்பராகத்துக்குச் சுமார் 3.5 மடங்கு.

இந்தக் கல்லின் பெரிய விந்தை இருட்டில்தான் தெரியும். இரண்டு கற்களை அழுத்தி உரசினால் உரசும் இடத்தில் கல்லுக்குள்ளேயே மங்கிய வெளிச்சம் படர்ந்து மறையும். தீப்பொறிதானே என்று தள்ளிவிட முடியாது, தண்ணீருக்குள் வைத்து உரசினாலும் ஒளிரும். ஆனால் இதை மட்டும் வைத்துக் கல்லை முடிவு செய்யக் கூடாது. சர்க்கரைக் கட்டிகூட நொறுங்கும்போது ஒளிரும்.

இத்தனையும் தெரிந்துகொள்ள நாலைந்து கற்கள் போதும். நாமோ லாரி லாரியாக அள்ளி, தோலைச் சாணை பிடித்து, வார்னிஷ் பூசித் தோட்டத்தில் கொட்டுகிறோம். வெள்ளம் வந்தால் கல் திரும்பக் கிடைக்குமே என்பார்கள். மேலே அணை கட்டிய ஆற்றில் அந்தக் கணக்கு செல்லாது. கல் அணைக்குப் பின்னாலேயே நின்றுவிடும். படுகையின் மணலை வெள்ளம் அரிக்காமல் மூடிக் காப்பதும் இந்தக் கற்களே. பார்த்து முடித்த கல்லை எடுத்த இடத்திலேயே போட்டுவிடுங்கள்.