உயிரியல் ஆசிரியராகும் வழி

மூன்றாம் படிவம் முடியும் தறுவாயில் ஒவ்வொரு மாணவரும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. நான்காம் படிவத்தில் எந்தப் பாடங்களைப் பயில்வது என்பதே அது. உயிரியலைத் தேர்ந்தெடுக்கும் இந்திய மாணவர்களிடம் காரணம் கேட்டால், “டாக்டராக வேண்டும்” என்ற விடையே பெரும்பாலும் வரும். அந்த டாக்டர்களுக்கெல்லாம் முதன்முதலில் உயிரணுவைக் காட்டிக் கொடுத்தவர் ஓர் உயிரியல் ஆசிரியர் என்பது அப்போது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. அந்த ஆசிரியர் எப்படி உருவாகிறார்?

உயிரியல் தெரிந்திருந்தால் உயிரியலைக் கற்பித்துவிடலாம் என்று பலர் எண்ணுகின்றனர். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். செடி தன் உணவை எங்கிருந்து பெறுகிறது என்று கேட்டால், மண்ணிலிருந்து என்றே பல மாணவர்கள் கூறுவர். ஒளிச்சேர்க்கையின் சமன்பாட்டை மனப்பாடமாகச் சொல்லும் மாணவரும் இதையே கூறுவது உண்டு. பிரசல்ஸ் நகரத்து அறிஞர் வான் ஹெல்மோன்ட் இதைச் சோதித்துப் பார்த்தார். அவருடைய குறிப்புகள் 1648ஆம் ஆண்டில் வெளிவந்தன. ஏறத்தாழ 90 கிலோ காய்ந்த மண்ணை ஒரு தொட்டியில் இட்டு, சுமார் 2 கிலோ எடையுள்ள வில்லோ மரக்கன்றை அதில் நட்டு, தண்ணீர் மட்டும் ஊற்றி வந்தார். ஐந்து ஆண்டுகளில் மரம் சுமார் 77 கிலோவாக வளர்ந்தது. மண்ணின் எடையோ 60 கிராம்கூடக் குறையவில்லை. தண்ணீரே மரமாயிற்று என்று அவர் முடிவு செய்தார். காற்றிலுள்ள கரியமில வாயுவின் பங்கை அவர் அறிந்திருக்கவில்லை.

பாடத்தை அறிந்தவருக்குச் சமன்பாடு தெரியும். ஆசிரியருக்கோ, மாணவர் எந்த இடத்தில் தவறாக எண்ணுகிறார் என்பதும், அந்த எண்ணத்தை அசைக்க எந்தச் சோதனையைக் காட்டலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இத்தகைய அறிவு பாட அறிவிலிருந்து வேறுபட்ட தனி அறிவு என்பதை அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1986இல் எடுத்துரைத்தார். ஆசிரியப் பயிற்சியின் உயிர்நாடி இதுவே.

மலேசியாவில் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களை ஆசிரியர் பயிற்சிக் கழகங்கள் உருவாக்குகின்றன. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் பலரும் அங்குப் பயின்றவர்களே. இடைநிலைப்பள்ளியில் உயிரியல் கற்பிக்க விரும்புவோர் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தையே நாட வேண்டும். எஸ்.பி.எம். தேர்வுக்குப் பின் மெட்ரிகுலேஷன் கல்லூரியில் ஏறக்குறைய ஓராண்டோ ஆறாம் படிவத்தில் மூன்று பருவங்களோ பயில்வது வழக்கம். அதன்பின் கல்வியியல் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். மதிப்பெண் மட்டும் போதாது, நேர்முகத் தேர்வும் உண்டு.

கிள்ளானிலிருந்து புறப்படும் கொமுட்டர் ரயில், பிரிக்பீல்ட்ஸ் அருகிலுள்ள சென்ட்ரல் நிலையத்தைக் கடந்து வடக்கே தஞ்சோங் மாலிம் வரை செல்கிறது. அங்கேதான் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. 1922இல் மலாய் ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கிய அந்நிறுவனம் 1997இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. உயிரியல் கல்வியில் இளங்கலைப் பட்டம் பெற அங்கு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆகும். மரபியல், சூழலியல், நுண்ணுயிரியல் ஆகியவற்றோடு கல்வி உளவியல், மதிப்பீடு, கற்பித்தல் முறை ஆகியவையும் சேர்ந்தே நடத்தப்படுகின்றன.

முதலில் அறிவியல் பட்டம் பெற்று, பின்னர் ஆசிரியராக எண்ணுவோருக்கு வேறொரு வழி இருக்கிறது. பட்டதாரிகள் கல்வியியலில் டிப்ளோமா பயின்று ஆசிரியராவது நெடுங்கால வழக்கம். வாய்ப்புகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் கல்வி அமைச்சின் அறிவிப்புகளைக் கவனித்து வருவது நல்லது.

பயிற்சியில் மாணவர்கள் மிகவும் அஞ்சுவதும் மிகுதியாகக் கற்பதும் பயிற்றுப்பணியின்போதுதான். சில மாதங்கள் ஓர் உண்மையான பள்ளியில், உண்மையான வகுப்பில் கற்பிக்க வேண்டும். நாள் பாடத்திட்டம் எழுத வேண்டும். வழிகாட்டி ஆசிரியரும் விரிவுரையாளரும் பின்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுப்பர். வெங்காயத் தோலை உரித்து, ஒரு சொட்டு அயோடின் இட்டு, நுண்ணோக்கியில் வைப்பது எளிய வேலைதான். முப்பது மாணவர்கள் சில நுண்ணோக்கிகளைப் பகிர்ந்துகொண்டு, யாரும் கண்ணாடித் தகட்டை உடைக்காமல், மணி அடிப்பதற்குள் எல்லாரும் உயிரணுச் சுவரைப் பார்த்து முடிப்பது அவ்வளவு எளிதன்று. ஆய்வகத்தில் பாதுகாப்புக்கும் ஆசிரியரே பொறுப்பு.

வகுப்பறைக்கு வெளியிலும் பாடம் உண்டு. கிள்ளான் துறைமுகத்திலிருந்து படகேறிக் கெத்தாம் தீவுக்குச் சென்றாலும், கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவில் நடந்தாலும் சதுப்புநிலக் காடுகளைக் காணலாம். சேற்றிலிருந்து பென்சில்களைப் போல மேலெழும் மூச்சுவேர்களையும், மரத்தைத் தாங்கி நிற்கும் வளைந்த வேர்களையும் நேரில் பார்த்த மாணவர், வேர் காற்றுக்காக மேலே வருவதன் காரணத்தை எளிதில் மறக்கமாட்டார். இத்தகைய களப்பயணத்தைத் திட்டமிடக் கற்பதும் பயிற்சியைச் சேர்ந்ததே.

மொழியும் இங்கே முக்கியம். தமிழ்ப்பள்ளியில் ‘ஒளிச்சேர்க்கை’ என்று கற்ற மாணவர் இடைநிலைப்பள்ளியில் ‘ஃபோத்தோசின்தெசிஸ்’ என்ற சொல்லைச் சந்திக்கிறார். கருத்து ஒன்றுதான், ஆயினும் சில மாணவர்கள் புதிய பாடம் என்றே திகைத்துவிடுகின்றனர். தாமும் அந்தப் பாலத்தைக் கடந்து வந்த ஆசிரியர் அத்திகைப்பைச் சட்டென்று புரிந்துகொள்வார். எனினும் அரசுப் பணிக்கு எஸ்.பி.எம். தேர்வில் மலாய்மொழிப் பாடத்தில் நன்மதிப்புத் தேர்ச்சி தேவை. உயிரியலில் சிறந்த மதிப்பெண் பெற்றும் மலாய்மொழியைப் புறக்கணித்தவருக்கு இக்கதவு அடைபட்டுவிடும். இதை ஐந்தாம் படிவம் முடிந்தபின் அறிவதைவிட இப்போதே அறிவது நன்று.

பட்டம் கையில் வந்தவுடன் பணி உறுதி என்றும் கொள்ள முடியாது. நிரந்தரப் பணிக்கு 1974 முதல் இயங்கி வரும் கல்விச் சேவை ஆணையத்தின் நேர்முகத் தேர்வில் தேற வேண்டும். காலியிடம் எந்த மாநிலத்தில் உள்ளதோ அங்கே செல்ல வேண்டும். கிள்ளானில் வளர்ந்தவர் சபாவிலோ சரவாக்கிலோ முதல் வகுப்பை எடுக்க நேரலாம். அண்மைய ஆண்டுகளில் ஒப்பந்த முறையிலும் ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டுள்ளனர். தனியார் பள்ளிகளில் கற்பிப்போருக்கும் சட்டம் பொருந்தும். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, ஆசிரியராகப் பதிவு செய்துகொள்ளாமலோ கற்பிக்கும் அனுமதி பெறாமலோ எவரும் பள்ளியில் கற்பிக்க முடியாது. அரசுப் பள்ளியில் நிரந்தரப் பணி பெற்றவர் முதலில் தகுதிகாண் காலத்தைக் கடக்க வேண்டும். அது ஓராண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை நீளும். அதை முடித்த பின்னரே பணி உறுதிக் கடிதம் அவர் கைக்கு வரும்.