போர்வீரரின் பூர்வீகமும் சபைப் பதிவேடும்

கனகம்மாசத்திரத்திலிருந்து திருவள்ளூர் செல்லும் நெடுஞ்சாலையில் திருப்பாச்சூர் உள்ளது. அவ்வூர்க் கோட்டையை 1781 ஆகஸ்டில் ஹைதர் அலியின் படையினரிடமிருந்து கைப்பற்றிய சர் அயர் கூட் அயர்லாந்தில் பிறந்தவர். அம்மாதமே பொள்ளிலூரிலும் அடுத்த மாதம் சோளிங்கரிலும் அவர் பொருதபோது, ஸ்காட்லாந்து மலைநாட்டாரின் 73ஆம் படைப்பிரிவு அவருடன் இருந்தது. பிற்காலத்தில் திருப்பாச்சூர், ஓய்வூதியம் பெற்ற ஐரோப்பியப் படைவீரர்களின் குடியிருப்பாயிற்று. இத்தகையோரின் வழிவந்தோர் தம் முன்னோரின் ஊரை அறிய விரும்பிப் போதகர்களை அணுகுவதுண்டு. அவர்களுக்கு நாம் எவ்வாறு வழிகாட்டலாம்?

குடும்பப் பெயரைக் கொண்டு மட்டும் எதையும் முடிவு செய்தலாகாது. மிஷன் பள்ளிகளில் கொடையாளிகளின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்டும் வழக்கமும் இருந்தது. ஆங்கிலிக்கன் பதிவேட்டில் இருப்பதால் ஒருவர் ஆங்கிலேயர் என்பதும் பொருந்தாது. சென்னையில் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் புனித அந்திரேயா ஆலயம் திறக்கப்பட்டதே 1821இல்தான். ஐரிஷ் வீரர் பலர் கத்தோலிக்கராதலால் அச்சபையின் ஏடுகளையும் பார்த்தல் வேண்டும்.

ஞானஸ்நான, விவாக, அடக்கப் பதிவுகளில் முதலாவது தேட வேண்டியது படைப்பிரிவின் பெயரே. சென்னை மாகாணப் பதிவுகளின் பிரதிகள் 1698 முதல் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. கம்பெனிப் படைவீரராயின், அவரது ஊர், முன்னைய தொழில், ஏறிவந்த கப்பல் ஆகியவற்றைக் குறிக்கும் ஏடுகளும் அங்கேயே கிடைக்கும். அரசப் படையினராயின், ஓய்வூதியத்துடன் விலகியோரின் பத்திரங்கள் கியூ நகரின் தேசிய ஆவணக்காப்பகத்தில் உள்ளன. பிறந்த பங்கும் மாவட்டமும் அவற்றில் எழுதப்பட்டிருக்கும். பணியிலேயே மரித்தவருக்கு அத்தகைய பத்திரம் இராது.

பங்கின் பெயர் கிடைத்தபின், ஸ்காட்லாந்தில் தேடுதல் எளிது. 1855இல் அரசுப் பதிவு தொடங்குமுன் இருந்த பங்குப் பதிவேடுகள் எடின்பரோவில் ஒருங்கே பேணப்படுகின்றன. அயர்லாந்தின் நிலை வேறு. 1922 ஜூன் இறுதியில், உள்நாட்டுப் போரில் டப்ளின் பொதுப் பதிவகம் அழிந்தபோது, அந்நாட்டு ஆங்கிலிக்கன் சபையின் பழைய ஏடுகளுள் பெரும்பகுதி எரிந்துபோயிற்று. கத்தோலிக்க ஏடுகள் அங்கு வைக்கப்படாமையால் தப்பின.

தந்தைவழியை இவ்வாறு தேடலாம். தாய்வழியோ, பல குடும்பங்களில், ஞானஸ்நான ஏட்டின் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறது. போர்வீரர் சுதேசப் பெண்களை மணப்பதை ஊக்குவிக்கும்படி கம்பெனி இயக்குநர்கள் 1687இல் சென்னைக்கு எழுதினர். பிள்ளை ஞானஸ்நானம் பெறும் நாளில் தாய்க்கு ஒரு வராகன் பெறுமான அன்பளிப்பு அளிக்கவும் பணித்தனர். ஆயினும் பிற்காலப் பதிவுகள் பலவற்றில் அத்தாய் 'சுதேசப் பெண்' என்ற அளவிலேயே காணப்படுகிறாள். சிலவற்றில் அதுவும் இல்லை. பெயர் இருப்பின் அது பெரும்பாலும் ஞானஸ்நானப் பெயரே. எழுதுகோல் நம்மைப் போன்ற குருமாரின் கையிலேதான் இருந்தது! பாட்டனாரின் ஊரைக் கடல் கடந்து தேடுவோர் பாட்டியாரின் ஊரைக் கேளாதிருப்பதும் நம்மை உறுத்துகிறது. அது ஒருவேளை அடுத்த கிராமமாகவே இருக்கலாம்.

ஆகவே, பதிவின் நகல் கேட்டு வருவோருக்குத் தந்தையின் பெயரையும் தேதியையும் மட்டும் எழுதிக் கொடுப்பது போதாது. வரி முழுவதையும், ஓரக்குறிப்புகளுடன், உள்ளது உள்ளபடியே எழுதித் தருதல் வேண்டும். ஞானப்பெற்றோர், சாட்சிகள் ஆகியோரின் பெயர்களை விடலாகாது. தாயின் உறவினர் அவர்களிடையே இருக்கக்கூடும். தாயின் பெயருக்குரிய இடம் வெறுமையாயிருப்பின், அதனை வெறுமையாகவே காட்டி, "பதிவில் பெயர் இல்லை" என்று குறித்துக் கையொப்பமிடுக.