எல்லை தாண்டிய விபத்தும் ஆறு மாதக் கெடுவும்

வேலூரிலிருந்தோ காட்பாடியிலிருந்தோ காரில் புறப்படுவோர்க்குச் சித்தூர் அடுத்த ஊர் போலத்தான். காணிப்பாக்கம் பிள்ளையாரை வணங்கிவிட்டு, பூதலப்பட்டு வழியாகத் திருப்பதி சென்று, மலையேறித் தரிசனம் முடித்து மறுநாளே வீடு திரும்பும் குடும்பங்கள் எத்தனையோ. மலைப்பாதையிலாவது வேகத்துக்குத் தேவஸ்தானம் கடிவாளம் இட்டிருக்கிறது. அலிபிரியில் குறிக்கப்படும் நேரத்தைக் கொண்டு, விரைந்து வந்தவரைக் கண்டுபிடித்துவிடுவார்கள். கீழே உள்ள சாலைகளில் அந்தக் கண்காணிப்பு இல்லை. 2022 மார்ச்சில் பாக்கராப்பேட்டை மலைப்பாதையில் நிச்சயதார்த்தத்துக்குச் சென்றோரின் பேருந்து பள்ளத்தில் உருண்டது. 2024 செப்டம்பரில் மொகிலி மலைப்பாதையில் அரசுப் பேருந்தும் லாரிகளும் மோதிப் பலர் உயிரிழந்தனர். இரண்டையும் இப்பகுதியினர் மறக்கவில்லை.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். மாமனாரின் பெயரில் கார், ஓட்டுபவர் மருமகன், பின்னிருக்கையில் மனைவியும் குழந்தைகளும். உறக்கக் கலக்கத்தில் கார் சாலையோரப் புளியமரத்தில் மோதுகிறது. வேறு வண்டி எதுவும் இல்லை. ‘காப்பீடு நடப்பில் இருக்கிறதே’ என்று குடும்பத்தார் ஆறுதல் கொள்வார்கள். எந்தக் காப்பீடு என்பதுதான் கேள்வி.

சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மூன்றாம் நபர் பொறுப்புக் காப்பீட்டை மட்டுமே. தனியார் காரில் பயணம் செய்வோர் அதனுள் அடங்கமாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் தீர்ப்பளித்தது. முழுமைக் காப்பீடாக இருந்தால் உள்ளே இருப்போருக்கும் பொறுப்பு உண்டு என்பது 2012-இல் உறுதியாயிற்று. சில ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தப் பழைய காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுப்போர், தம் மனைவி மக்களைத்தான் பாதுகாப்பிலிருந்து நீக்குகிறார்கள் என்பதை உணர்வதில்லை.

மருமகனின் நிலை இன்னும் கடினம். ரூ.15 லட்சத்துக்கான கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடு, வண்டியின் பதிவு உரிமையாளருக்கே உரியது. இரவல் காரை ஓட்டியவர் உரிமையாளரின் இடத்தில் நிற்பவராகக் கருதப்படுவதால், தம் தவறால் நேர்ந்த விபத்துக்கு மூன்றாம் நபராக இழப்பீடு கோரவும் முடியாது. பெயர் குறிப்பிடாத ஓட்டுநருக்கும் பயணிகளுக்கும் தனிநபர் விபத்துப் பாதுகாப்பைச் சிறிய கூடுதல் கட்டணத்தில் சேர்த்துக்கொள்ளலாம். புதுப்பிக்கும்போது இதைக் கேட்டு வாங்குவோர் குறைவு.

இனி, தவறு எதிரே வந்த லாரியுடையது என்று கொள்வோம். முதலில் 108, 112. தேசிய நெடுஞ்சாலை எனில் 1033. குறித்த மருத்துவமனைகளில் முதல் ஏழு நாள்களுக்கு ரூ.1.5 லட்சம் வரை கட்டணமில்லாச் சிகிச்சை பெறும் திட்டத்தை மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்துள்ளது; வெளிமாநிலத்தார் என்பது அதற்குத் தடையன்று. சித்தூரில் முதலுதவி பெற்று வேலூருக்கு மாற்றப்படுவோர், முதல் மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலையும் காயச் சான்றிதழையும் தவறாது பெற வேண்டும். அவை இல்லாவிடில், காயம் எங்கே எப்படி நேர்ந்தது என்பதை மெய்ப்பிப்பதே பெரும்பாடாகிவிடும். சாலையோரத்தில் யாராவது சில ஆயிரங்களைக் கையில் திணித்து, சமரசம் என்று எழுதி வாங்க முற்பட்டால் கையொப்பம் இடாதீர்கள்.

முதல் தகவல் அறிக்கை தெலுங்கில் இருக்கும். நகலைப் பெற்று மொழிபெயர்த்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் வழக்குக்காகச் சித்தூர் நீதிமன்றத்துக்கோ திருப்பதி நீதிமன்றத்துக்கோ நடையாய் நடக்க வேண்டியதில்லை. விபத்து நடந்த இடத்தில் மட்டுமன்றி, கோருபவர் வசிக்கும் இடத்து மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலும் மனுச் செய்யச் சட்டம் இடமளிக்கிறது. வேலூர்க்காரர் வேலூரிலேயே செய்யலாம்.

காலம்தான் முக்கியம். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, விபத்து நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். இக்கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் தொடரப்பட்டுள்ளன. அவற்றை நம்பிக் காலம் கடத்துவது அறிவுடைமை ஆகாது. பதினாறாம் நாள் காரியம், வருடத் திதி என்று துக்கத்தின் நாள்காட்டி ஒன்று குடும்பத்தில் ஓடிக்கொண்டிருக்கும். சட்டத்தின் நாள்காட்டி அதற்காகக் காத்திருப்பதில்லை.

இழப்பீட்டுத் தொகை கணக்கிடப்படும் முறையையும் அறிந்திருப்பது நல்லது. 38 வயதில் இறந்த ஒரு கடைக்காரரின் மாத வருமானம் ரூ.30,000 எனக் கொள்வோம். ஆண்டுக்கு ரூ.3.6 லட்சம். எதிர்கால வளர்ச்சிக்காக 40 விழுக்காடு சேர்த்தால் ரூ.5.04 லட்சம். மூவர் அவரைச் சார்ந்திருந்தால் அவருடைய சொந்தச் செலவுக்கென மூன்றில் ஒரு பங்கு கழிக்கப்பட்டு ரூ.3.36 லட்சம் ஆகும். அந்த வயதுக்கான பெருக்கெண் 15, ஆக ரூ.50.4 லட்சம். சிறு தலைப்புகளில் வரும் தொகைகள் தனி. இக்கணக்கு முழுவதும் அந்த முதல் எண்ணைப் பொறுத்தே நிற்கிறது. அதை மெய்ப்பிக்க வருமான வரிக் கணக்கும் வங்கிக் கணக்கு விவரமும் வேண்டும். விற்பனைப் பணத்தைக் கல்லாப்பெட்டியிலேயே வைத்துச் செலவிட்டவரின் குடும்பம் இங்கே திகைத்து நிற்கும். இல்லத்தரசியின் உழைப்புக்கும் பண மதிப்பு உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 2021-இல் அழுத்தமாகக் கூறியுள்ளது.

காரைப் பற்றிச் சில சொற்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே தகவல் தந்து, மதிப்பீட்டாளர் பார்க்கும் முன் வண்டியைப் பிரிக்காதிருக்க வேண்டும். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி மதிப்பே கிடைக்கும். பழுதுச் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் முழு இழப்பாகக் கருதப்படும். கடன் நிலுவை இருந்தால் தொகை முதலில் வங்கிக்கே வரும். அதுவரை மாதத் தவணையை நிறுத்திவிடக் கூடாது.

இன்னொன்று, பலர் தவறவிடுவது. ஆண்டுதோறும் உங்கள் சேமிப்புக் கணக்கிலிருந்து ரூ.20 கழிக்கப்பட்டிருக்கிறதா என்று கணக்குப் புத்தகத்தைப் பாருங்கள். அது பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டம். 18 முதல் 70 வயது வரையுள்ளோர்க்கு விபத்து மரணத்துக்கு ரூ.2 லட்சம். ஓட்டியவர் தவறா, எதிரே வந்தவர் தவறா என்ற கேள்வி இதில் இல்லை. முன்பு சொன்ன மருமகனின் குடும்பத்துக்கும் இது கிடைக்கும். சில ரூபே அட்டைகளிலும் விபத்துக் காப்பீடு இணைந்திருக்கிறது. அட்டையை அண்மையில் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. இறந்தவரின் கணக்கை முடிக்க வருவோர், முடிப்பதற்கு முன் இவ்விரண்டையும் கிளையில் கேட்டறிய வேண்டும்.

தீர்ப்பாயம் வழங்கும் தொகையில் ஒரு பகுதியை, சிறப்பாகச் சிறுவர்களின் பங்கை, வங்கியில் நிலை வைப்பாக இடும்படி ஆணையிடுவது வழக்கம். தீர்ப்பாயத்தின் அனுமதியின்றி அதை இடையில் முறிக்கவோ, அதன்மேல் கடன் தரவோ வங்கிக்கு அதிகாரம் இல்லை. கிளை மேலாளரிடம் இதற்காகக் கோபித்துக்கொள்ளும் உறவினர்கள் உண்டு. அந்த வைப்பு, பெரும்பாலும், அப்பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிறையும்போதுதான் முதிர்வடையும்.