நீலத்தின் நடுவே சிவப்புப் பொட்டு

எச்.ஐ.வி.யுடன் வாழும் ஒருவருக்கு மூன்று வாரமாகத் தண்ணீராகப் பேதி. ஆள் பாதியாகிவிட்டார். மலப் பரிசோதனை முடிவோ 'ஒட்டுண்ணி இல்லை' என்கிறது. இந்த நிலையில் அந்த ஒரு வரியை நம்பிவிடக் கூடாது.

வழக்கமாக, ஸ்லைடில் உப்புநீரோ அயோடினோ ஒரு சொட்டு விட்டு, மலத்தைக் கலந்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். கொக்கிப்புழு முட்டையும் அமீபாவும் ஜியார்டியாவும் இதில் தென்பட்டுவிடும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி தப்பிவிடும். அதன் உறைமுட்டை வெறும் 4 முதல் 6 மைக்ரான், சிவப்பணுவைவிடச் சிறிசு. பக்கத்தில் கிடக்கும் ஈஸ்ட்டும் அப்படியே உருண்டையாக இருப்பதால் பழகிய கண்ணும் ஏமாறும்.

எலியின் இரைப்பையில் 1907லேயே அறியப்பட்ட ஒட்டுண்ணி இது. மனிதரிடம் கண்டதாக 1976இல்தான் பதிவானது. எய்ட்ஸ் பரவிய பிறகே மருத்துவ உலகம் அதைப் பெரிதாகக் கவனித்தது. எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சி.டி.4 அணுக்களின் எண்ணிக்கை 100க்குக் கீழே போனவர்களை இது வாட்டி எடுத்துவிடும்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. காசநோய்க்குச் சளியில் செய்யும் அதே அமிலச் சாயமுறைதான். அமிலத்தை மட்டும் 1 சதவீதமாகக் குறைக்க வேண்டும். மலத்தை மெல்லிய படலமாகத் தடவி, உலர்த்தி, கார்பால் ஃபுக்சின் ஊற்றுகிறார்கள். எல்லாம் சிவக்கிறது. அமிலம் பட்டதும் மற்றவை வெளுத்துப்போகும், ஈஸ்ட்டும்தான். உறைமுட்டை மட்டும் சிவப்பை விடாது. பிறகு மெத்திலீன் நீலம். லென்ஸில் கண் வைத்தால் நீலத்தின் நடுவே குங்குமப் பொட்டு வைத்ததுபோல் தெரியும்.

அதே ஸ்லைடில் பொட்டுக்குப் பதிலாக, அதைப்போல் ஐந்து மடங்கு நீளத்தில், இருமுனையும் குறுகிய நீள்வட்டம் தெரிந்தால் அது சிஸ்டோஐசோஸ்போரா என்ற வேறொரு ஒட்டுண்ணி. அதற்கு கோ-டிரைமாக்சசோல் நன்றாகக் கேட்கும். கிரிப்டோஸ்போரிடியத்துக்கு, எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களிடம் நம்பிக் கொடுக்கும்படியான மருந்து இல்லை. நீரிழப்பைச் சரிசெய்துகொண்டே எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. சிகிச்சையால் சி.டி.4ஐ ஏற்ற வேண்டும். பேதி ஒன்றுதான், வைத்தியம் வேறு.

இதே பேதியைத் தரும் மைக்ரோஸ்போரிடியா இன்னும் பொடிசு. அதற்குத் தனிச் சாயம் வேண்டும்.

இந்தக் கிருமிகள் தினமும் மலத்தில் வெளியேறுவதில்லை. அதனால் வெவ்வேறு நாளில் மூன்று மாதிரி கொடுங்கள். சீட்டு எழுதும் மருத்துவர்களே, 'மலப் பரிசோதனை' என்பதோடு நிறுத்தாமல் 'அமிலச் சாயமும் செய்யவும்' என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். கேட்காவிட்டால் பல லேப்களில் அதைச் செய்வதில்லை.