பதினாறு வாக்கில் முடிந்த ஜெயநகர்

நீலசந்திராவில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு வாக்கு சாந்திநகர் தொகுதியில். அங்கே 2008 முதல் 2023 வரை நடந்த நான்கு சட்டமன்றத் தேர்தல்களிலும் காங்கிரஸின் என்.ஏ. ஹாரிஸே வென்றார். ஆனால் பிள்ளைகள் தலையெடுத்ததும் வசதியான வீடு தேடி ஜெயநகர், பைரசந்திரா, ஜே.பி. நகர் பக்கம் போகும் குடும்பங்கள் நம்மில் உண்டு. தூரம் என்னவோ சில மைல்தான். தேர்தல் கணக்கில் அது வேறு உலகம்.

2023 மே 13 அன்று ஜெயநகரில் வாக்கு எண்ணிக்கை நள்ளிரவு வரை இழுத்தது. முதலில் காங்கிரஸின் சௌமியா ரெட்டி முன்னிலை என்று செய்தி வந்தது. பிறகு மறு எண்ணிக்கை; தள்ளுபடியான தபால் வாக்குகளைத் திரும்பப் பார்த்தது பற்றிப் பெரிய சர்ச்சை. டி.கே. சிவகுமாரே எண்ணிக்கை மையத்துக்கு வந்து எதிர்ப்புத் தெரிவித்தார். முடிவில் பாரதிய ஜனதாவின் சி.கே. ராமமூர்த்தி 57,797 வாக்கும், சௌமியா 57,781 வாக்கும் பெற்றதாக அறிவித்தார்கள். வித்தியாசம் 16.

ரயில்வேக்காரன் என்பதால் என் கணக்கு இப்படி ஓடுகிறது. இருவர் வாக்கையும் கூட்டினால் 1,15,578. அதில் 16 என்பது, 13 மீட்டர் தண்டவாளத்தில் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. வெயிலில் விரிவதற்காக இரு தண்டவாளங்களுக்கு நடுவே நாங்கள் விட்டுவைக்கும் சந்து பெரும்பாலும் அதைவிட அகலம்! சௌமியா பெயரிலேயே நின்ற இன்னொரு சுயேச்சை வாங்கிய வாக்குகூட அந்தப் பதினாறைப் போல் பல மடங்கு.

அடுத்த சட்டமன்றத் தேர்தல் 2028 மே மாதத்துக்குள் வரவேண்டும். ஜெயநகர் யார் பக்கம் சாயும்?

பா.ஜ.க.வுக்கு நம்பிக்கை தருவது 2024 மக்களவைத் தேர்தல். ஜெயநகரையும் உள்ளடக்கிய பெங்களூர் தெற்கில் அதே சௌமியா ரெட்டி, தேஜஸ்வி சூர்யாவிடம் 2,77,083 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். இன்னொன்றும் உண்டு. 2018இல் வேட்பாளர் பி.என். விஜயகுமார் இறந்துபோனதால் ஜெயநகரில் மட்டும் ஜூன் 11ஆம் தேதி தள்ளி வாக்குப்பதிவு நடந்தது. அப்போது மதச்சார்பற்ற ஜனதாதளம் காங்கிரஸுக்காக விலகிக்கொண்டது. சௌமியா வென்றார், வெறும் 2,889 வாக்கில். அந்தக் கட்சி 2023 செப்டம்பரில் பா.ஜ.க. கூட்டணிக்குப் போய்விட்டது.

காங்கிரஸுக்கும் பலம் இல்லாமல் இல்லை. குருப்பனபாளையா போன்ற நெருக்கமான தெருக்களில், பெண்களுக்கு இலவசப் பேருந்தும் மாதம் 2,000 ரூபாயும் வீட்டுக் கணக்கையே மாற்றியவை. டில்லிக்கு ஒருவர், விதான சௌதாவுக்கு ஒருவர் என்று பிரித்துப் போடும் வழக்கமும் கர்நாடக வாக்காளருக்குப் புதிதல்ல. ஆகவே 2024 கணக்கை அப்படியே 2028க்கு எடுத்துக்கொள்வது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. மறுபடியும் சில ஆயிரம் வாக்குக்குள்தான் முடியும் என்பது என் எண்ணம்.

அப்படியானால் யார் வாக்களிக்க வரவில்லை என்பதே முக்கியம். 2023இல் மாநிலம் முழுவதும் 73 சதவீதத்துக்கு மேல் வாக்குப் பதிவானது. பெங்களூர் நகரத்தில் ஏறத்தாழ 55தான். மே மாத விடுமுறைக்கு ஊருக்குப் போனவர்கள், வீடு மாறியும் பெயரை மாற்றாதவர்கள் எல்லாம் அந்த மீதியில் அடக்கம். நம்மவர்களிடம் தனியாக ஒரு பழக்கம்: வேலூரிலோ தருமபுரியிலோ பிறந்த ஊர்ப் பட்டியலில் பெயரை விட்டுவைத்து, முப்பது வருஷமாக இங்கே வரி கட்டுவது. தெருவில் சாக்கடை வழிந்தால் இங்குள்ள சட்டமன்ற உறுப்பினரிடம்தானே போகிறோம்? பட்டியலில் இல்லாத வீட்டுக்கு அவர் ஏன் அவசரப்படவேண்டும்? இரண்டு ஊரிலும் பெயர் வைத்துக்கொள்வது அதைவிட மோசம். 1950ஆம் வருடத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் அதை அனுமதிக்கவில்லை.

புதிதாகச் சேர்பவர்களுக்குப் படிவம் 6. வேறு தெருவுக்கோ, தொகுதிக்கோ, மாநிலத்திலிருந்தோ குடிமாறியவர்களுக்குப் படிவம் 8. பதினெட்டு வயது நிறையும் பிள்ளைகள் இப்போது ஜனவரி வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளும் கணக்கில் உண்டு. சந்தேகம் இருந்தால் 1950 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் கேட்கலாம்.