முண்டாசும் வெறுந்தலையும்

நூறு ஆண்டுகளுக்கு முந்தைய கூட்டுப் புகைப்படம் ஒன்றைப் பாருங்கள். ஆசிரியர்கள், வக்கீல்கள், குமாஸ்தாக்கள் என்று யார் உட்கார்ந்திருந்தாலும் பெரும்பாலான தலைகளில் தலைப்பாகை இருக்கும். உ.வே.சாமிநாதையரையும் பாரதியையும் அது இல்லாமல் நினைக்கவே நமக்கு வராது. இன்றைய படத்தில் எல்லாம் வெறுந்தலை. குடுமி இருந்தவரை அதன்மேல் துணி சுற்றுவது இயல்பாயிருந்தது. கிராப்பு வந்ததும் முடியே காட்டத்தக்க அழகாகிவிட்டது.

அன்று தலைப்பாகை என்பது மானம். 1893இல் டர்பன் நீதிமன்றத்தில் அதைக் கழற்றச் சொன்னபோது காந்தி மறுத்து வெளியேறினார். அவரே 1921 செப்டம்பரில் மதுரையில் குல்லாவையும் சட்டையையும் துறந்து அரையாடைக்கு மாறினார். 1945இல் சான் பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனத்தில் இந்தியாவுக்காகக் கையெழுத்திட்ட ராமசாமி முதலியார் தலைப்பாகையோடு இருந்தார். 1962 முதல் 1967 வரை குடியரசுத் தலைவராயிருந்த ராதாகிருஷ்ணனின் வெள்ளைத் தலைப்பாகையை அந்த வரிசையின் கடைசிப் பெருமைகளில் ஒன்று என்பேன். அதற்குள் இங்கே காமராஜரும் அண்ணாவும் வெறுந்தலையோடு மேடையேறி, மக்களுக்கு நெருக்கமாகிவிட்டிருந்தார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் வக்கீல்கள் கைவிட்ட தலைப்பாகை, நீதிபதிக்கு முன்னே நடக்கும் டபேதாரின் சீருடையில் மிஞ்சியிருக்கிறது.

இழந்ததைப் பேசும்முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தலையில் துண்டு கட்டும் உரிமை அன்று எல்லோருக்கும் இல்லை. பண்ணையார் எதிரே வந்தால் முண்டாசை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கவோ இடுப்பில் கட்டவோ வேண்டும் என்பது பல ஊர்களில் எழுதாச் சட்டம். தோளில் துண்டு போட்டதற்காக அடிபட்டவர்கள் உண்டு. அந்தக் கொடுமைக்கு எதிராக நடந்த நீண்ட போராட்டத்தில் கிடைத்தது பெரிய விடுதலை. ஜரிகைத் தலைப்பாகைகள் அத்தனையும் போனாலும் அதற்கு ஈடாகாது.

ஆனால் கட்டும் கை போனது எனக்கு வருத்தம்தான். மூன்று முழத்துக்குச் சற்றே கூடுதலான துண்டு. கண்ணாடி பார்க்காமல், நடந்துகொண்டே கட்டிவிடுவார்கள். ஒரு முனையைக் காதுக்கு மேல் பிடித்து, நெற்றி விளிம்பு புருவத்துக்கு மேல் நிற்குமாறு சுற்றி, மறுமுனையை மடிப்புக்குள் செருகினால் முடிந்தது. இறுக்கினால் தலை வலிக்கும், தளர்த்தினால் குனியும்போது அவிழும். நெற்றியை மூடினால்தான் வியர்வை கண்ணில் இறங்காது. அதே துணி அவிழ்ந்தால் முகம் துடைக்கும், வரப்பில் விரிப்பாகும், சுருட்டினால் சுமைக்குச் சும்மாடாகும். இன்றைய கல்யாண மாப்பிள்ளைக்கு வாடகைக் கடையில் தைத்தே வைத்த தலைப்பாகை கிடைக்கிறது. எடுத்துக் கவிழ்த்தால் போதும். யார் தலைக்கும் சரியாகப் பொருந்துவதில்லை.

இன்று நம் தலையில் பெரும்பாலும் ஏறுவது ஹெல்மெட். மோட்டார் வாகனச் சட்டம் அதைக் கட்டாயமாக்குகிறது. தலைப்பாகை கட்டிய சீக்கியருக்கு மட்டும் விலக்கு. தமிழ்நாட்டில் அணியாதவருக்கு அபராதம் ஆயிரம் ரூபாய். துணி காக்காத உயிரை இது காக்கிறது. ஆனாலும் முண்டாசைப் போலவே இதையும் ஒழுங்காக அணிய வேண்டும். பின்னால் சரித்துக் கவிழ்த்து, தாடைப் பட்டையை மாட்டாமல் போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். விழும்போது அது தலைக்கு முன்னே பறந்துவிடும்.

முண்டாசை இன்று நான் அதிகம் காண்பது பெண்களின் தலையில். களையெடுப்பிலும் சாலை வேலையிலும் சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. பிடரியில் வெயில் விழாதிருக்க ஒரு முனையைப் பின்னால் தொங்கவிடுகிறார்கள். உச்சி வேளையில் அதை அவிழ்த்து, தண்ணீரில் நனைத்துப் பிழிந்து மறுபடி கட்டுகிறார்கள். எந்தக் காருக்காகவும் யாரும் அதை இறக்குவதில்லை.