ஸ்கேல் வைத்துக் குயில்ட் தைக்கிறீர்களா?

துணி வெட்டுகிற ஸ்கேலை, ஓடுகிற மிஷினின் ஊசிப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. வீட்டுத் தையல் மிஷினில் குயில்ட் போடப் பழகுகிறவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் பிளவுஸ், நைட்டி தைத்துக் கைதேர்ந்த பெண்கள் பலர் வீடியோ பார்த்து இந்த வேலைக்கு வருகிறார்கள். கரூர் ஏற்றுமதி யூனிட்டுகளில் பல ஊசி மிஷின் நிமிடத்தில் அடித்துத் தள்ளுகிற வேலையை, இவர்கள் ஒற்றை ஊசியில் கைப்பக்குவத்தால் செய்கிறார்கள். அந்தக் கைக்கு விலை உண்டு. ஆனால் அதில் இருக்கிற ஆபத்தையும், ஏமாந்தால் எங்கே கேட்பது என்பதையும் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

மேல் துணி, நடுவில் பஞ்சு ஷீட், கீழே அடித்துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் தையல்தான் குயில்டிங். துணியை நகர்த்தும் பல்லை இறக்கிவிட்டு, கையாலேயே துணியை நகர்த்த வேண்டும். கோடு நேராகவோ வளைவாகவோ பிசகாமல் வர, தடிமனான அக்ரிலிக் ஸ்கேலைத் துணிமேல் அழுத்திப் பிடித்து, அதன் ஓரத்தை ஒட்டி ஃபுட் போகும்படி நகர்த்துகிறோம். இதற்கென்றே ஊசியைச் சுற்றி உயரமான வட்டச் சுவர் வைத்த ஃபுட் தனியாக வருகிறது. ஊசிக்கும் அந்தச் சுவரின் வெளி ஓரத்துக்கும் கால் அங்குல இடைவெளி. அதனால் தையல் எப்போதும் ஸ்கேல் ஓரத்திலிருந்து கால் அங்குலம் தள்ளித்தான் விழும்.

சாதாரண எம்பிராய்டரி ஃபுட்டுக்கு அந்த உயரச் சுவர் கிடையாது. ஒவ்வொரு தையலுக்கும் அது குதித்து எழும். எழுகிற நொடியில் மெல்லிய ஸ்கேல் அடியில் நழுவினால், ஊசி நேராக அக்ரிலிக்கில் இறங்கும். ஊசி முறியும், ஸ்கேல் சில்லாகத் தெறிக்கும், இரண்டும் பாய்வது குனிந்து பார்க்கிற முகத்தை நோக்கித்தான். கண் தப்பினாலும், அடி வாங்கிய மிஷினில் ஊசிக்கும் ஷட்டிலுக்கும் உள்ள டைமிங் தவறி, தையல் விட்டுவிட்டு விழ ஆரம்பிக்கும்.

தடிமன்தான் இதில் எல்லாம். ஃபுட் மாட்டும் கம்பி உயரமாக உள்ள மிஷின்களுக்கு 6 மி.மீ. ஸ்கேல் பொருந்தும். நம் வீடுகளில் உள்ள கறுப்புத் தலை கால் மிஷின்களில் பெரும்பாலானவற்றில் அந்தக் கம்பி குட்டை. அதில் 6 மி.மீ. ஸ்கேலை வைத்தால், ஊசி கீழே இறங்கும்போது ஊசியைப் பிடித்திருக்கும் திருகு ஸ்கேலில் இடிக்கலாம். அதற்கு 3 மி.மீ. ஸ்கேலும், அந்த உயரத்துக்கே செய்த ஃபுட்டும் வேண்டும். புது செட் மாட்டியதும் பெடலை மிதிக்காமல், கைச் சக்கரத்தை மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். எங்கேயாவது தட்டினால் அந்தச் செட் உங்கள் மிஷினுக்கு இல்லை.

கால் மிஷின் வைத்திருக்கிறோமே என்று தயங்க வேண்டாம். தலை பலகைக்குள் அமிழ்ந்து சமதளமாக இருப்பதால் ஸ்கேல் ஆடாது. வேகமும் காலுக்குக் கட்டுப்படும். பழகுவதற்கு இதைவிட நல்ல மிஷினை எனக்குத் தெரியாது. ஸ்கேலின் அடியில் வழுக்காத டேப் ஒட்டுங்கள். விரல்கள் ஃபுட்டுக்கு நேர் எதிரே வராமல் ஸ்கேலின் நடுவில் விரியட்டும். ஸ்கேலை நகர்த்தும்போது மிஷின் நிற்க வேண்டும், ஊசி துணிக்குள் இறங்கியிருக்க வேண்டும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற பாதுகாப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள். மோட்டார் மிஷின் என்றால் ஊசி மாற்றும்முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

திருப்பூர் கம்பெனிகளில் ஊசி முறிந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடிச் சேர்த்துக் காட்டினால்தான் புது ஊசி கொடுக்கிற வழக்கம் இருக்கிறது. வீட்டிலும் அதையே செய்யுங்கள். விரலில் ஊசி ஏறி, ஒரு துண்டு மட்டும் கிடைக்கவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட வேண்டும். கண்ணில் தெறித்திருந்தால் தேய்க்காதீர்கள், நீங்களாகப் பிடுங்காதீர்கள். அழுத்தம் படாமல் ஒரு பேப்பர் கப்பால் மூடி உடனே கண் மருத்துவமனைக்குப் போங்கள்; வண்டி இல்லையென்றால் 108.

இனி கடைக்கு வருவோம். "ஏனுங்கண்ணா, இந்த ஸ்கேல் கால் மிஷினுக்கு ஆகுங்களா?" என்று கேட்டால், "எல்லா மிஷினுக்கும் போடலாங்க அம்மணி" என்றுதான் பதில் வரும். அந்த வார்த்தையைப் பில்லில் எழுதி வாங்குங்கள். பில் தர மறுப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற வணிக நடைமுறை. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று போர்டு மாட்டியிருந்தாலும், குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள் திரும்ப எடுக்க வேண்டும். பில்லில் கெடு இல்லையென்றால் 30 நாள். சரியாகப் பயன்படுத்தும் முறையையும் எச்சரிக்கையையும் சொல்லாமல் விற்ற பொருளால் காயம் பட்டால், தயாரிப்பாளரிடம் இழப்பீடு கேட்கவும் அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆன்லைனில் வாங்கினால், புகாரைப் பெற்றதை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டியது அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலரின் கடமை.

"நீ தைத்து விற்கிறாய், இது வியாபாரம், நுகர்வோர் சட்டம் உனக்கு வராது" என்று மிரட்டுவார்கள். நம்பாதீர்கள். சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டுமே வாங்கிப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான் என்று சட்டத்தின் விளக்கத்திலேயே இருக்கிறது. இந்த ஒரு வரி தெரியாமல்தான் எத்தனையோ பெண்கள் நஷ்டத்தை விழுங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதில் தீராவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். கடை டெல்லியில் இருந்தாலும் சரி. 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே மனு போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். உடைந்த ஸ்கேலையும் முறிந்த ஊசியையும் தூக்கி எறியாமல் ஒரு கவரில் போட்டு வையுங்கள், போட்டோ எடுங்கள், ஆஸ்பத்திரிச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

இன்னொரு வலையும் விரிந்திருக்கிறது. 'பிரதமர் இலவசத் தையல் மிஷின்' என்று வாட்ஸ்ஆப்பில் வரும் லிங்க்குகளைப் போலி என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமே அறிவித்திருக்கிறது. தமிழக அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டம் உண்மையானது. கைம்பெண்கள், கணவரால் கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்கு மாவட்டச் சமூக நல அலுவலகம் வழியாக அது வருகிறது. 'டெபாசிட் கட்டுங்கள், குயில்ட் ஜாப் ஒர்க் தருகிறோம்' என்பவரிடம் ஆன்லைனில் பணத்தைக் கொடுத்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை முடக்கி வைக்க வழி இருக்கும்.

தைத்துச் சம்பாதிக்கிறவர்கள் தமிழ்நாடு தையல் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். வயது 18 முதல் 60 வரை. விபத்தில் உறுப்பு இழந்தால் உதவித்தொகை, பிள்ளைகளுக்குக் கல்வி உதவி, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் எல்லாம் இந்தப் பதிவை வைத்துத்தான் கிடைக்கும். அடிபட்ட பிறகு போய்ப் பதிந்தால் அந்த விபத்துக்கு உதவி வராது. தொழிலாளர் உதவி ஆணையர், சமூகப் பாதுகாப்புத் திட்டம் என்று போர்டு போட்ட அலுவலகம் உங்கள் மாவட்டத்தில் இருக்கிறது. ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகத்தோடு இந்த வாரமே போய் விசாரியுங்கள்.